கேம் மாநாடு என்றால் கப் தருவார்களா?

டிஜிட்டல் கேம்கள், கலை, பண்பாடு பற்றி ஒரு மாநாடு நடக்கிறது என்று வடசென்னையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பையன்கள் "பிரைஸ் எவ்ளோ ப்ரோ?" என்பார்கள். அம்மாக்கள் "ஏற்கெனவே ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு இருக்கான், இதுக்கு மாநாடு வேறயா?" என்பார்கள். கல்லூரியில் படிப்பவர்கள் "சர்டிபிகேட் உண்டா?" என்று கேட்பார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் எதுவுமே அந்த மாநாட்டைப் பற்றிய கேள்வி இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 'ஆன்லைன் கேம்' என்ற ஒரே பைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கு மத்திய அரசு தடை போட்டபோது, பிள்ளைகள் கெட்டுப்போவதால்தான் தடை என்று பல வீடுகளில் சந்தோஷப்பட்டார்கள். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனர்களின் தகவல்களும்தான். 118 செயலிகள் இருந்த பட்டியலில் பப்ஜியும் ஒன்று. ஆன்லைன் ரம்மி முற்றிலும் வேறு கதை. அது காசு வைத்து ஆடுவது. அதற்குத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில்தான் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது. இ-ஸ்போர்ட்ஸ் என்றால் விதிமுறையோடு, தனி ஆளாகவோ அணியாகவோ ஆடும் வீடியோ கேம் போட்டி.

இவ்வளவையும் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு 'கேம் நல்லதா கெட்டதா' என்று டீக்கடையில் விவாதித்தால் விடியும்வரை முடியாது. இந்த முடிச்சுகளைப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே சிலர் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கேரம் போர்டு, நான்கு கூட்டம்

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கேரமையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை காசிமா மூன்று தங்கம் வென்று வந்தார். அது போட்டி. யார் ஜெயித்தார் என்பதுதான் அங்கே கேள்வி.

புது மாடல் போர்டு, ஸ்ட்ரைக்கர், பவுடர் எல்லாவற்றையும் ஸ்டால் போட்டு அடுக்கி வைத்து ஆட்களை அழைத்தால் அது கண்காட்சி. எது விற்கும் என்பது கேள்வி. போர்டு செய்பவர்கள் மட்டும் கூடி, எந்தப் பிளைவுட் மழைக்காலத்தில் வளையாது, சட்டத்துக்கு எந்த மரம் நல்லது என்று பேசிக்கொண்டால் அது தொழில்காரர்கள் கூட்டம்.

இப்போது நான்காவதாகச் சிலர் வருகிறார்கள். கேரம் ஏன் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இவ்வளவு ஆழமாக வேர் விட்டது? வீடு சின்னது என்பதால் தெருவும் கிளப்பும் கூடமாக மாறியதாலா? கிளப்புக்குள் யாரைச் சேர்த்தார்கள், யாரைச் சேர்க்கவில்லை? சிவப்புக் காயைப் போட்டால் உடனே இன்னொரு காயைப் போட்டுத்தான் அதை உறுதி செய்ய வேண்டும் என்ற விதி ஆடுபவரின் மனதில் என்ன செய்கிறது? இவர்கள் ஆட வரவில்லை, விற்க வரவில்லை, செய்யவும் வரவில்லை. யோசிக்க வந்திருக்கிறார்கள்.

டிஜிட்டல் கேம் உலகிலும் இதே நான்கு வகைக் கூட்டம் உண்டு. இ-ஸ்போர்ட்ஸ் முதல் வகை. ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காம், 1995-ல் தொடங்கி 2023 டிசம்பரில் முழுக்க மூடப்பட்ட அமெரிக்காவின் இ3 ஆகியவை இரண்டாவது வகை. கேம் செய்பவர்கள் கூடும் அமெரிக்காவின் ஜிடிசி, நம் பக்கம் பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்த இந்திய கேம் டெவலப்பர் மாநாடு போன்றவை மூன்றாவது. கேமை ஆய்வுப் பொருளாகவும் கலையாகவும் பண்பாடாகவும் பார்க்கும் மாநாடுதான் நான்காவது. சில நேரம் ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று வகைகள் கலந்தே நடக்கும். கலந்திருந்தாலும், கூட்டத்துக்குப் போகுமுன் "இங்கே கேள்வி என்ன?" என்று கேட்டுக்கொண்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

இந்தப் பேச்சு எப்போது தொடங்கியது?

விளையாட்டைப் பற்றித் தீவிரமாக யோசிப்பது கம்ப்யூட்டருக்கு முந்தையது. நெதர்லாந்து வரலாற்றாசிரியர் யோஹான் ஹெய்சிங்கா 1938-லேயே, விளையாட்டு பண்பாட்டைவிடப் பழையது, விலங்குகள் மனிதர் சொல்லிக்கொடுத்தா விளையாடுகின்றன என்ற திசையில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கம்ப்யூட்டர் கேம் வந்த பிறகும் வெகுகாலம் யாரும் அதை இந்தக் கண்ணால் பார்க்கவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் சிலர் ஸ்பேஸ்வார் என்ற கேமை உருவாக்கியது 1962-ல். கேம் செய்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியது 1988-ல்தான். கிறிஸ் கிராஃபோர்ட் என்ற வடிவமைப்பாளரின் வீட்டு ஹாலில் இருபத்துச் சொச்சம் பேர் உட்கார்ந்து பேசினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய ஜிடிசி ஆனது.

ஆய்வாளர்கள் அதற்கும் பின்னால் வந்தார்கள். 2001-ல் கோபன்ஹேகனில் கம்ப்யூட்டர் கேம்களுக்கென ஒரு சர்வதேச ஆய்வு மாநாடு நடந்தது. அதே ஆண்டு நார்வேயைச் சேர்ந்த எஸ்பென் ஆர்செத் ஓர் ஆய்விதழைத் தொடங்கி, 2001-ஐக் கேம் ஆய்வின் முதல் ஆண்டு என்றே அறிவித்தார். கொஞ்சம் மிகையான அறிவிப்புதான். ஆனாலும் ஒரு துறைக்குப் பிறந்த தேதி கிடைத்தது. 2003-ல் டிக்ரா என்ற டிஜிட்டல் கேம் ஆய்வுச் சங்கம் உருவாகி, நெதர்லாந்தின் உட்ரெக்டில் முதல் மாநாட்டை நடத்தியது. அதன் பிறகு டோக்கியோ, கியோட்டோ, மெக்சிகோவின் குவாடலஹாரா என்று அது ஊர் ஊராகச் சுற்றுகிறது.

ஆக, இதுவரை பார்த்ததன் சாரம்: கேம் மாநாடு என்ற பெயரில் நான்கு வகைக் கூட்டங்கள் உண்டு, ஆய்வுக்கும் பண்பாட்டுக்குமான வகை வயதில் இளையது, கால் நூற்றாண்டுதான் ஆகிறது.

அப்படி என்னதான் பேசுவார்கள்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

இந்த மாநாடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு கருத்து, விதிவழி வாதம். இயான் போகோஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007-ல் முன்வைத்தது. ஒரு கேம் தன் கருத்தை வசனத்தாலோ படத்தாலோ மட்டும் சொல்வதில்லை, தன் விதிகளாலேயே சொல்கிறது என்பதுதான் அது.

நம் வீடுகளில் கோடை விடுமுறைக்கு ஆடும் பிசினஸ் போர்டை நினைத்துப் பாருங்கள். ஊர்களை வாங்குவோம், வாடகை வசூலிப்போம், ஒருவர் பணக்காரராகும்போது மற்றவர்கள் அழுதுகொண்டு எழுந்து போவார்கள். இதன் மூதாதை அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904-ல் காப்புரிமை பெற்ற ஓர் ஆட்டம். நிலம் ஒரு சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி நசுங்குவார்கள் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். ஒருவரே எல்லாவற்றையும் சுருட்டும் விதி ஒரு பக்கம், செல்வம் எல்லோருக்கும் பகிரப்படும் விதி இன்னொரு பக்கம் என இரண்டு விதமாக ஆடலாம். பிற்பாடு 1930-களில் மோனோபோலி என்ற பெயரில் கடைக்கு வந்தபோது சுருட்டும் விதி மட்டும் தங்கியது. எச்சரிக்கையாகப் பிறந்த ஆட்டம், அடுத்தவரை ஓட்டாண்டியாக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. போர்டு ஏறக்குறைய அதேதான். விதியை மாற்றியதும் அது சொல்லும் சேதி தலைகீழானது.

பரமபதம் இதைவிடச் சுவையானது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் ஆட்டம். ஏணிக்குப் புண்ணியத்தின் பெயர், பாம்புக்குப் பாவத்தின் பெயர். படத்தைப் பார்த்தால் 'நல்லது செய், மேலே போவாய்' என்று சொல்வதுபோல் இருக்கிறது. விதியைப் பார்த்தால்? தாயம் உருள்கிறது, காய் நகர்கிறது, ஆடுபவர் எதையுமே தேர்ந்தெடுப்பதில்லை. நல்லது செய்யலாமா வேண்டாமா என்ற இடமே ஆட்டத்தில் இல்லை. படம் ஒன்று சொல்கிறது, விதி வேறொன்று சொல்கிறது. இந்த முரண்பாட்டை மட்டும் வைத்தே ஒரு முழு அமர்வு பேசலாம்.

டிஜிட்டல் கேமுக்கு வந்தால், நமக்கு நெருக்கமான உதாரணம் வெண்பா. 2023-ல் கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், அம்மா எழுதி வைத்த பழைய சமையல் குறிப்பு நோட்டு. நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. ஆடுபவர்தான் விட்டுப்போன படிகளை ஊகித்து இட்லியோ பிரியாணியோ செய்ய வேண்டும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு நினைவு எப்படி ஓட்டை ஓட்டையாக மிஞ்சும் என்பதை அந்தக் கேம் வசனமாகச் சொல்லத் தேவையே இல்லை. அதை நம்மையே செய்ய வைக்கிறது. விதிவழி வாதம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 2024-ல் ஜிடிசியோடு சேர்ந்து நடக்கும் சுயாதீன கேம் விழாவில் இதற்குத்தான் தலையாய விருது.

எல்லாமே இப்படி ரசனைப் பேச்சாக இருக்காது. சண்டையும் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' என்பதைச் சேர்த்தது. 2019-ல் ஏற்கப்பட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. நிறைய நேரம் ஆடுவது மட்டுமே கோளாறு ஆகாது. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்து வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். இதைச் சேர்க்கும் பேச்சு எழுந்தபோதே ஆய்வாளர்கள் சிலர் எதிர்த்து எழுதினார்கள். மேலே சொன்ன ஆர்செத்தும் அவர்களில் ஒருவர். சாதாரணமாக ஆடும் கோடிக்கணக்கான பிள்ளைகள் மேல் நோய் முத்திரை விழுந்துவிடும் என்பது அவர்கள் கவலை. சிகிச்சை தேவைப்படுபவருக்குப் பெயர் இருந்தால்தான் உதவி கிடைக்கும் என்பது மறுதரப்பு. 'அடிக்ட் ஆயிட்டான்' என்று நாம் போகிறபோக்கில் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு வாதம் இருக்கிறது.

கேம் கலையா?

2010-ல் அமெரிக்கத் திரை விமர்சகர் ராஜர் ஈபர்ட், வீடியோ கேம் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். மறு ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம், புத்தகம், நாடகம், சினிமாவைப் போல வீடியோ கேமுக்கும் கருத்துச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2012-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் பேக்-மேன், டெட்ரிஸ், தி சிம்ஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது.

என்னைக் கேட்டால், 'கலையா இல்லையா' என்பது அலுத்துப்போன கேள்வி. காட்சிக்கு எப்படி வைப்பது என்பதுதான் சுவாரசியம். ஓவியத்தைச் சுவரில் மாட்டிவிடலாம். ஐம்பது மணி நேரம் ஆட வேண்டிய கேமை எப்படி மாட்டுவது? கைப்பிடியைக் கொடுப்பதா, ஆடுவதைப் படம் பிடித்துக் காட்டுவதா? பத்து வருடத்தில் அந்த மெஷினே ஓடாமல் போனால்? நல்ல மாநாடுகளில் பேச்சுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆட்டக்கூடம் வைப்பது இதற்காகத்தான். கேட்டதை உடனே ஆடிப் பார்க்கலாம், செய்தவரிடமே "ஏன் இப்படி வச்சீங்க?" என்று கேட்கலாம்.

மேடைக்குப் போகும் வழி

நடைமுறை எளிது. மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே கட்டுரை அழைப்பு வரும். இந்த ஆண்டு கருப்பொருள் இது, இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள் என்ற அறிவிப்பு அது. முழுக் கட்டுரையை உடனே யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் முதலில் அனுப்புவது ஆய்வுச் சுருக்கம். என்ன கேள்வி, எப்படி ஆராய்ந்தேன், என்ன கண்டேன் என்பதைச் சில நூறு சொற்களில் சொல்வது. அதை அதே துறையின் ஆய்வாளர்கள் இரண்டு மூன்று பேர் படித்துப் பார்ப்பார்கள். பல இடங்களில் எழுதியவர் பெயர் படிப்பவருக்கும், படிப்பவர் பெயர் எழுதியவருக்கும் தெரியாது. இதற்குப் பெயர்மறை மதிப்பீடு என்று பெயர். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியரும் கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதும் மாணவியும் இந்த ஒரு கட்டத்தில் சமம். எழுதும் ஆங்கிலத்திலும், படித்திருக்கும் நூல்களிலும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏற்றுக்கொண்டால் ஓர் அமர்வில் இடம் கிடைக்கும். மூன்று நான்கு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம் போலப் பேச்சு, பிறகு கேள்விகள். கேள்வி நேரம்தான் உண்மையான மாநாடு. அதைவிட உண்மையானது டீ இடைவேளை. முடிந்ததும் கட்டுரைகளை மாநாட்டுத் தொகுப்பாக வெளியிடுவார்கள். டிக்ராவின் நூலகத்தில் பழைய கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கலாம். ஆர்செத் தொடங்கிய ஆய்விதழும் அப்படித்தான்.

செலவு என்று வந்தால் கதை மாறும். பதிவுக் கட்டணம், விமானம், விசா. கொரோனாவுக்குப் பிறகு சில மாநாடுகளில் ஆன்லைனில் பேசவும் வழி வந்திருக்கிறது. டீ இடைவேளைதான் கிடைக்காது.

போலிகள்

கல்லூரி மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அனுப்பிய இரண்டாம் நாளே 'வாழ்த்துகள், உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது, கட்டணம் செலுத்துங்கள்' என்று மெயில் வந்தால் சந்தேகப்படுங்கள். பொறியியல், மருத்துவம், யோகா, மேலாண்மை, கேமிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 'சர்வதேச' மாநாடு என்றாலும் சந்தேகப்படுங்கள். மதிப்பீட்டாளர் கருத்தென்று ஒரு வரிகூட வராவிட்டால் படிக்கவே இல்லை என்று அர்த்தம். காசு கொடுத்தால் கிடைப்பது ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான். அதை வாங்கி வரச் சொல்லி மதிப்பெண் வைக்கும் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு.

இந்தப் பகுதியையும் முந்தையதையும் சேர்த்துச் சுருக்கினால்: அழைப்பு, சுருக்கம், மதிப்பீடு, பேச்சு, தொகுப்பு. நடுவில் இருக்கும் மதிப்பீடு உண்மையாக நடந்தால்தான் அது மாநாடு.

சரி, வடசென்னைக்கு இதில் என்ன வேலை?

நிறைய. கேம் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவையும் ஜப்பானையும் பார்த்தே எழுதினார்கள். அந்த வரலாற்றில் பர்மா பஜார் இல்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக பீச் ஸ்டேஷன் எதிரே உருவான அந்தக் கடை வரிசை வழியாகத்தான் எத்தனையோ வீடுகளுக்கு டிவி கேம் வந்தது. ஜப்பானிய மெஷினின் நகல், மஞ்சள் கேசட், மேலே ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும், உள்ளே அதே மரியோவும் கான்ட்ராவும் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் டிவி கேம் இல்லாதவர்கள் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்துக் கடையில் ஆடினார்கள். பிறகு பிரவுசிங் சென்டர், அப்புறம் போன். விலை குறைந்த போனிலும் ஓடியதால் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இங்கே பரவியது. 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. எந்தத் தெருவில் எந்தக் கேம் ஆடப்பட்டது என்பதை அந்தத் தெருவில் இருந்த போனின் விலை தீர்மானித்திருக்கலாம். ஆராய்ந்து பார்க்க வேண்டிய ஊகம் இது.

அவசரமும் இருக்கிறது. 2023-ல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் அச்சடித்து விற்ற கேம்களுக்கே இந்த நிலை. மூடிப்போன கேம் கடைகளின் நினைவுகளை யார் சேர்த்து வைத்தார்கள்?

ஒரு சுருக்கம் இப்படி இருக்கலாம்: 'வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் இயங்கிய வாடகை வீடியோ கேம் கடைகளை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கடை நடத்தியவர்களிடமும் அங்கே ஆடியவர்களிடமும் எடுத்த நேர்காணல்களைக் கொண்டு, காசுக்கு நேரம் என்ற கடை விதி எந்தக் கேம்களைப் பிரபலமாக்கியது என்று கேட்கிறது. சீக்கிரம் முடியும் கேமை விட, ஒரே காசில் இருவர் சேர்ந்து ஆடக்கூடிய கேமையே பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்களா என்பதை ஆராய்கிறது.' இதற்கு வேண்டியது ஒரு போன், பேசுபவரின் சம்மதம், பொறுமை. கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற இடத்தில் உட்கார்ந்து எழுதிவிடலாம்.

மதிப்பீட்டாளர் முதலில் எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று கேட்பார். அடுத்து, அந்தக் கடைகளுக்குள் பெண் பிள்ளைகள் வந்தார்களா, வராவிட்டால் அவர்கள் எங்கே, என்ன ஆடினார்கள் என்று கேட்பார். அதற்குப் பதில் தேட வீடுகளுக்குள் போக வேண்டியிருக்கும். அக்காக்களிடமும் அத்தைகளிடமும் பேச வேண்டியிருக்கும். ஆய்வின் தலைப்பே அப்போது மாறலாம். மாநாட்டுக்கு அனுப்புமுன் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்படி, அந்த நேர்காணல்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.